காகிதத்தின் மேல் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டுவது எப்படி? லேமினேஷன் கற்க வருவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஜார்ஜ் டவுன் ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை வாங்கச் சென்றவர்கள், அட்டையின் பளபளப்பை ஒருமுறையாவது விரலால் தடவிப் பார்த்திருப்பார்கள். அந்தப் பளபளப்பு பெரும்பாலும் மையினால் வருவதன்று. காகிதத்தின் மேல் ஒட்டப்பட்டிருக்கும், தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லாத பிளாஸ்டிக் ஃபிலிமினால் வருவது. இனிப்புப் பெட்டி, புத்தக அட்டை, மருந்துப் பெட்டி, கோப்பு உறை என்று நம் கைக்கு வரும் பல பொருள்களில் இந்த ஒட்டு இருக்கிறது. நான் மண்ணடியில் ஒரு சிறிய லேமினேஷன் கூடத்தில் வேலை பழகி, பின்னர் ராயபுரத்தில் சொந்தமாக ஒரு மிஷின் போட்டவன். புதிதாக வருவோர் மிஷினை ஓட்டக் கற்பதற்கு ஒரு வாரம் போதும். ஒட்டு ஏன் நிற்கிறது, ஏன் பிரிகிறது என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால்தான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் தடுமாறுகிறார்கள். என் அனுபவத்தில், பிரிந்து வந்த வேலைகளில் பெரும்பாலானவற்றின் காரணம் மிஷினில் இருந்ததில்லை. ஃபிலிமின் மேற்பரப்பு, காகிதத்தின் ஈரம், மை காய்ந்திருக்கும் அளவு ஆகிய மூன்றில் ஒன்றில்தான் அது இருந்தது.

இங்கே விளக்கப்போவது தெர்மல் லேமினேஷன், அதாவது பசை ஏற்கெனவே பூசப்பட்டு வரும் ஃபிலிமைச் சூட்டினாலும் அழுத்தத்தினாலும் ஒட்டும் முறை. பயிற்சிக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள ஆர்ட் கார்டு என்னும் வழவழப்பான அட்டையும், 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமனுள்ள பளபளப்பு ஃபிலிமும் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தாளில் தொடங்கினால் சுருளலோடு போராடுவதிலேயே பொழுது போய்விடும்.

ஒட்டு எப்படிப் பிடிக்கிறது

காகிதமும் பிளாஸ்டிக்கும் இயல்பில் எதிரெதிரானவை. காகிதம் நார்களாலும் நுண்துளைகளாலும் ஆனது; உருகிய பசை அந்த இடுக்குகளுக்குள் இறங்கி, ஆறியதும் வேர் பிடித்ததுபோல் நின்றுவிடும். பாலிபுரொப்பிலீன் ஃபிலிமில் அப்படி இறங்குவதற்கு இடமே இல்லை. அதன் மேற்பரப்பு ஆற்றல் 30 டைன் (அந்த ஆற்றலைக் குறிக்கும் அலகு) அளவிலேயே இருப்பதால், பசையோ மையோ அதன்மேல் பரவாமல், சேப்பங்கிழங்கு இலையின் மேல் விழுந்த தண்ணீர்போல் திரண்டு நிற்கும்.

இந்தத் தடையை நீக்குவதற்காகவே ஃபிலிம் தயாரிக்கும் இடத்தில் கரோனா ட்ரீட்மெண்ட் செய்கிறார்கள். உயர் மின்னழுத்தத்தில் காற்றின் ஊடாக மின்பொறிகளைப் பாய்ச்சும்போது, ஃபிலிமின் மேற்பரப்பு மட்டும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, பசை பற்றிக்கொள்ளத்தக்க வேதிக் கூறுகளைப் பெறுகிறது. மேற்பரப்பு ஆற்றலும் 38 டைனுக்கு மேல் உயர்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த வெர்னர் ஐஸ்பி 1951-இல் உருவாக்கிய இந்த முறைதான் இன்றும் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. நாள் ஆக ஆக இந்த ட்ரீட்மெண்டின் வலு குறைந்துகொண்டே வரும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஃபிலிம் வழுக்கி ஓடுவதற்காகச் சேர்க்கப்படும் மெழுகு போன்ற பொருள்கள் மெல்ல மேலே கசிந்து வந்து, ட்ரீட்மெண்ட் ஆன பரப்பை மூடிவிடுவதும் உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று வெயில் படும் கிடங்கில் நெடுநாள் கிடந்த ரோலை வாங்குவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

முதல் படி: ஃபிலிமின் முகத்தையும் முதுகையும் அறிதல்

தெர்மல் ஃபிலிம் இரண்டு அடுக்கு கொண்டது. வெளியே தெரியும் அடுக்கு பிஓபிபி, அதாவது இரு திசைகளிலும் இழுத்து உருவாக்கிய பாலிபுரொப்பிலீன். உள்ளே இருப்பது ஈவிஏ என்னும் உருகுபசை. ரோலில் இருந்து ஒரு சாண் வெட்டி, குழல்விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடிபோல் மின்னும். மறுபக்கம் லேசாகப் பால் படிந்ததுபோல் மங்கியிருக்கும். மங்கிய பக்கமே பசைப் பக்கம். இரண்டு பசைப் பக்கங்களை ஒன்றோடொன்று வைத்து, காகிதத்தால் மூடி, இஸ்திரிப் பெட்டியால் ஒரு நொடி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்; பளபளப்பான பக்கங்கள் ஒட்டா.

பசை பூசாத வெறும் ஃபிலிமை வாங்கி, நீரில் கரைத்த அக்ரிலிக் பசையால் ஒட்டுபவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அவர்கள் இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அருகருகே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ட்ரீட்மெண்ட் ஆகாத பக்கத்தில் சொட்டு குண்டு மணியாக நிற்கும். ஆன பக்கத்தில் சற்றே தளர்ந்து விரியும். ஆனால் வேறுபாடு சிறிதாகவே தெரியும் என்பதால், 38 எண்ணிட்ட டைன் பேனா (அந்த டைன் அளவைச் சோதிக்கும் மை கொண்ட பேனா) ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதே நம்பகமானது. பேனாவால் இழுத்த கோடு இரண்டு நொடிகள் அறுபடாமல் நின்றால் அந்தப் பக்கம் தகுதியானது. முத்து முத்தாகச் சுருங்கினால் தகுதியற்றது.

இரண்டாம் படி: காகிதத்தையும் அச்சையும் தயார் செய்தல்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே வாழும் நமக்குக் காற்றின் ஈரப்பதம் புதிதன்று. ஆனால் காகிதத்துக்கு அது ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை. நல்ல நிலையில் உள்ள அட்டையில் எடைக்கணக்கில் 5 முதல் 7 விழுக்காடு ஈரம் இருக்கும். பிரித்துப்போட்ட கட்டு ஐப்பசி மழையில் ஒரு இரவு கிடந்தால் அதைவிடக் கூடுதலாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த அட்டை சூடான ரோலருக்குள் நுழைந்ததும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் ஃபிலிமுக்கு அடியில் கொப்புளமாகத் தங்கிவிடும். ஆகவே காகிதக் கட்டை மிஷின் இருக்கும் அறைக்கு ஒரு நாள் முன்னதாகவே கொண்டுவந்து, உறை பிரிக்காமல் வையுங்கள். வேலை தொடங்கும்போது மட்டும் பிரியுங்கள். மீந்ததை உடனே பாலித்தீன் தாளால் மூடுங்கள்.

அடுத்தது மை. சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், அடர் மெரூன் நிறம் முழுவதும் பரவிய இனிப்புப் பெட்டி வேலை ஒன்று என்னிடம் வந்தது. முந்தைய நாள் மாலை அச்சானது; மறுநாள் காலையிலேயே லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். பார்வைக்குக் குறையே இல்லை. டை கட்டிங் (பெட்டி வடிவத்துக்கு வெட்டுதல்) முடிந்து பெட்டியாக மடித்தபோது, மடிப்புக் கோடு ஒவ்வொன்றிலும் ஃபிலிம் எழுந்து நின்றது. நகத்தால் நெம்பி இழுத்தேன். மெரூன் மையோடு சேர்ந்து ஃபிலிம் தோலாக உரிந்து வந்தது. அடியில் வெள்ளை அட்டை சுத்தமாகத் தெரிந்தது. பசை மையைப் பிடித்திருந்தது. மைதான் அட்டையைப் பிடிக்கவில்லை. அந்த உரிந்த துண்டு இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே அதைக் காட்டிவிடுவேன்.

ஆஃப்செட் மை குறைந்தது 24 மணி நேரம் காய வேண்டும். அடர் நிறங்களுக்கும் மழைக்காலத்துக்கும் இரண்டு நாள் கொடுப்பது நல்லது. ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அச்சகத்தில் தூவும் பவுடரும் நமக்கு எதிரியே. உள்ளங்கையால் ஷீட்டைத் தடவும்போது மணல்போல் நெருடினால், உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்த பிறகே மிஷினில் விடுங்கள். பவுடரின் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களின் மேல் அது வெள்ளி பூத்ததுபோல் தெரியும். இதைத்தான் தொழிலில் சில்வரிங் என்கிறோம். டிஜிட்டல் மிஷினில் அச்சான சில ஷீட்டுகளில் சிலிகான் எண்ணெய் படிந்திருக்கும் என்பதால், அவற்றுக்குப் பற்றும் திறன் கூடிய தனி ஃபிலிமைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாம் படி: மிஷினை அமைத்தல்

ஃபிலிமின் அகலம் ஷீட்டின் அகலத்தைவிட ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். இல்லையென்றால் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பசை அடி ரோலரில் ஒட்டி, பின்னால் வரும் ஷீட்டுகளையெல்லாம் கெடுத்துவிடும். வெப்பத்தை 105 டிகிரி செல்சியசில் வைத்துத் தொடங்குங்கள். திரையில் காட்டும் அளவும் ரோலரின் உண்மையான சூடும் பல மிஷின்களில் ஒத்துப்போவதில்லை. ஆகவே எண்ணை நம்புவதைவிட, சோதனை ஷீட்டை நம்புவதே மேல். ஒட்டு வலுவில்லாமல் இருந்தால் முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள், கடைசியாகத்தான் வெப்பத்தைத் தொடுங்கள். வெப்பம் மிகுந்தால் ஃபிலிம் சுருங்கி அலையலையாகிவிடும்.

நான்காம் படி: ஓட்டுதலும் சுருளலும்

ஷீட்டுகளை ஒன்றின் வாலில் அடுத்ததன் தலை சில மில்லிமீட்டர் ஏறுமாறு இடைவெளியின்றி விடுங்கள். ஃபிலிமின் இழுவிசையைச் சுருக்கம் விழாத அளவுக்கு மட்டும் வையுங்கள். அதிகமாக இழுத்து ஒட்டினால், ஃபிலிம் பின்னர் தன் பழைய நீளத்துக்குத் திரும்ப முயன்று, அட்டையைத் தன் பக்கம் வளைத்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்ட அட்டை, மழை நாளில் தானாகவே ஃபிலிம் பக்கம் சுருள்வதற்குக் காரணம் வேறு. திறந்திருக்கும் காகிதப் பக்கம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. பிளாஸ்டிக் பக்கம் விரிவதில்லை. காகித நார்கள் தம் குறுக்குவாக்கில்தான் அதிகம் பருக்கும் என்பதால், புத்தக அட்டையின் கிரெயின் (நார்கள் ஓடும் திசை) முதுகுப்பகுதிக்கு இணையாக ஓடும்படி ஷீட்டை வெட்டச் சொல்லுங்கள். விலை தாங்குமானால், ஈரத்தை ஓரளவு உள்வாங்கித் தானும் விரியக்கூடிய நைலான் ஃபிலிமைப் புத்தக அட்டைக்குப் பயன்படுத்தலாம்.

பிற முறைகளைப் பற்றிச் சிறிது

நீர்ப்பசையால் ஒட்டும் முறை செலவு குறைந்தது. பசையில் உள்ள நீரைக் காகிதம் உறிஞ்சிக்கொள்வதால்தான் அது நடக்கிறது; அதே பசையால் இரண்டு பிளாஸ்டிக் ஃபிலிம்களை ஒட்ட வேண்டுமானால், சேர்ப்பதற்கு முன்பே நீரைச் சூடான காற்றால் உலர்த்தியாக வேண்டும். உணவுப் பொட்டலங்களுக்கான பெரிய ஆலைகளில் இரு பகுதிகளைக் கலந்து பயன்படுத்தும் பாலியூரித்தேன் பசை உண்டு. காகிதக் கோப்பைகளுக்கோ, 300 டிகிரிக்கு மேல் உருகிய பாலித்தீனை நேரடியாகக் காகிதத்தின் மேல் திரையாக இறக்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளும் கோப்பைகளும் தடை செய்யப்பட்டுள்ளன. அத்தகைய வேலையை யார் கொண்டுவந்தாலும் ஏற்காதீர்கள். லேமினேஷன் போட்ட கழிவை வெள்ளைக் காகிதக் கழிவோடு கலக்காமல் தனிச் சாக்கில் போடுங்கள். கலந்துவிட்டால், பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல காகிதமும் சேர்ந்து கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

ஐந்தாம் படி: உரித்துப் பார்த்தல்

மிஷினில் இருந்து வந்த சூட்டோடு உரித்துப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு நாள் கழித்து, ஷீட்டில் பிளேடால் ஒரு பெருக்கல் குறி கீறி, அதன் மையத்தில் நகத்தை நுழைத்து ஃபிலிமைப் பின்னோக்கி மடக்கி இழுங்கள். ஃபிலிமின் அடியில் காகித நார்கள் பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு, அட்டையே கிழிந்து வந்தால் வேலை தேறிவிட்டது. அதற்குமேல் எந்தப் பசையாலும் எதுவும் செய்ய இயலாது. மை மட்டும் உரிந்து வந்தால் அச்சு காயவில்லை. மை அட்டையிலேயே நின்று, ஃபிலிம் பசையோடு சுத்தமாக எழுந்தால் சூடோ அழுத்தமோ போதவில்லை, அல்லது பவுடர் மிகுந்திருக்கிறது. பசை மையின் மேல் தங்கி, பளபளப்பான அடுக்கு மட்டும் பிரிந்து வந்தால், பிஓபிபிக்கும் ஈவிஏவுக்கும் இடையிலான ஒட்டே தவறியிருக்கிறது. அப்போது மிஷினைத் திருகிக்கொண்டிருக்காமல், அந்தத் துண்டையும் ரோலின் உறையில் உள்ள தயாரிப்பு எண்ணையும் எடுத்துக்கொண்டு ஃபிலிம் வாங்கிய கடைக்குச் செல்லுங்கள்.