உதட்டுக்கு நிரந்தர ஃபில்லர் போடமுன்: எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது

ஃபில்லர் என்பது உதட்டைப் பருமனாக்க ஊசியால் உள்ளே ஏற்றும் பொருள். அதில் நிரந்தரமானது வேண்டும் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் ஒன்றுதான். ஒருதடவை காசு கட்டினால் போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்கோ கண்டிக்கோ ஓட வேண்டியதில்லை. மலையகத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தலவாக்கலையிலோ இருந்து பார்த்தால் இந்தக் கணக்கு சரியாகத்தான் தெரியும். போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும், வேலைக்கு லீவு போட வேண்டும், இருட்டிவிட்டால் தங்க ஒரு வீடு வேண்டும். ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதே தூரம்தான் நிரந்தர ஃபில்லரை மோசமான தெரிவாக்குகிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உதட்டுக்குள் போனதை ஊசியால் கரைக்க முடியாது, பிரச்சினை ஐந்தாறு வருஷம் கழித்தும் வரலாம், வந்துவிட்டால் ஒரு தடவை இல்லை, பல தடவை நிபுணரைத் தேடி மலையிறங்க வேண்டும்.

முதலில் என்ன போடப் போகிறார்கள் என்று கேளுங்கள். "நிரந்தரமானது, வெளிநாட்டுச் சாமான்" என்பது பதில் இல்லை, பொருளின் பெயர் வேண்டும். நிரந்தரம் என்று விற்கப்படுவதில் முக்கியமாக மூன்று வகை உண்டு. ஒன்று பிஎம்எம்ஏ, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன பிளாஸ்டிக் மணிகளை ஒரு ஜெல்லில் கலந்தது. ஜெல்லை உடம்பு சில மாதங்களில் உறிஞ்சிவிடும், மணிகள் அப்படியே இருக்கும், அவற்றைச் சுற்றி நம் உடம்பே கொலாஜன் என்ற புரதத்தைக் கட்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த வகையில் ஒன்றுக்கு 2006இல் அனுமதி கொடுத்தது, அதுவும் மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழும் மடிப்புக்கு மட்டும். 2014இல் கன்னத்துப் பருத் தழும்புக்கும் கொடுத்தது. உதட்டுக்குக் கொடுக்கவில்லை. உதடு பேசும்போதும் சாப்பிடும்போதும் ஓயாமல் அசைவதால் மணிகள் ஓரிடத்தில் திரண்டு கட்டியாகலாம். இன்னொரு விஷயம், அந்தத் தயாரிப்பில் மணிகளைச் சுமக்கும் ஜெல் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன். அதனால் முன்கூட்டியே கையில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்ய வேண்டும். மாட்டிறைச்சி தொடாத வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் ஊசி போடுவதை நான் நேர்மையான வைத்தியமாக நினைக்க மாட்டேன்.

இரண்டாவது திரவ சிலிக்கன். அழகுக்காக முகத்திலோ உடம்பிலோ ஊசியாக ஏற்றுவதற்கு அந்த நிர்வாகம் இதை அனுமதிக்கவே இல்லை, கண்ணுக்குள் செய்யும் சில சத்திரசிகிச்சைகளுக்கு மட்டும்தான் அனுமதி. உதட்டில் போட்டது நகர்ந்து மேலுதட்டுக்கு மேலே வரலாம், வருஷக்கணக்கு கழித்துத் திடீரென்று வீங்கி இறுகலாம். மூன்றாவது பொலிஅக்ரிலமைட் ஜெல், அதில் பிந்திய காலத்துத் தொற்றுதான் பெரிய தொல்லை. இப்படி ஒரு ஜெல்லை மார்பிலும் முகத்திலும் போட்ட பலருக்குப் பாதிப்பு வந்ததால் சீனா 2006இல் அதைத் தடை செய்தது.

இந்த மூன்றிலும் கட்டி வந்தால் என்ன செய்வார்கள்? கட்டிக்குள் வீக்கத்தை அடக்கும் ஸ்டீரொய்ட் ஊசி போடுவார்கள், சிலருக்கு அதோடு வேறு மருந்தும் சேர்ப்பார்கள், அதற்கும் அடங்காவிட்டால் உதட்டின் உட்பக்கமாக வெட்டிக் கட்டியை எடுப்பார்கள். சோற்றில் கலந்த உப்பைப்போல ஃபில்லர் தசையோடு கலந்து கிடப்பதால் எல்லாவற்றையும் எடுக்க முடியாது, எடுத்த இடத்தில் வடு விழும், உதடு கோணலாகவும் வாய்ப்பு உண்டு. விலை கேட்கும்போது போடுகிற விலையை மட்டும் கேட்காதீர்கள். "கட்டி வந்தால் எடுக்க யார் இருக்கிறார், அதற்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் தெரியாதவர் கையில் உதட்டைக் கொடுக்க வேண்டாம்.

இப்போது பலன் பக்கம். ஃபில்லர் மெல்லிய உதட்டைப் பருமனாக்கும், ஒருபக்கம் சின்னதாக இருந்தால் ஓரளவு சமமாக்கும், ஓரத்துக் கோட்டைக் கொஞ்சம் எடுப்பாகக் காட்டும். அவ்வளவுதான். உதட்டுக் கறுப்பை மாற்றாது. நுவரெலியாப் பனியில் வெடித்துத் தோலுரியும் உதட்டைச் சரிசெய்யாது, அதற்கு வாசலின் போதும். முன்பல் தள்ளியிருப்பதால் அல்லது உள்ளே விழுந்திருப்பதால் உதடு அப்படித் தெரிகிறது என்றால் முதலில் பல் வைத்தியரைப் பார்ப்பதுதான் புத்தி, பல் சரியானால் உதட்டின் தோற்றமே மாறிவிடும். வயதோடு உதடு மெலிந்து நீளும் என்பதையும் யோசியுங்கள். இருபத்திரண்டு வயது முகத்துக்கு அளந்து போட்ட நிரந்தரப் பொருள் நாற்பத்தைந்து வயது முகத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்காது.

பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் வரும் முன்-பின் படங்களை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். "பின்" படங்களில் நிறைய ஊசி போட்ட அதே கதிரையில் எடுத்தவை, அப்போது தெரிவது பாதி வீக்கம். வீக்கம் முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும், உண்மையான வடிவம் இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். அதனால் இரண்டு வாரத்துப் படம், ஆறு மாதத்துப் படம், நிரந்தரம் என்றால் குறைந்தது மூன்று வருஷத்துப் படம் கேளுங்கள். லிப்ஸ்டிக் இல்லாமல், ஒரே வெளிச்சத்தில், வாயை மூடியும் சிரித்தும். கட்டி இருந்தால் சிரிக்கும்போதுதான் துருத்தும். மூன்று வருஷத்துப் படம் ஒன்றுகூட இல்லையென்றால் அவர் கையால் போட்டது நீடிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எதைத் தெரிவு செய்வது? உதடு பருமனாக வேண்டும் என்ற ஆசை தப்பில்லை, அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல விடாதீர்கள். ஆனால் முதல் தடவை என்றால் ஹயலூரோனிக் அமில ஃபில்லரோடு நிற்பதுதான் என் யோசனை. நம் தோலிலேயே இருக்கும் ஒரு பொருளின் வகை அது, பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை நிற்கும், பிடிக்காவிட்டால் ஹயலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டுக் கரைக்கலாம். அமெரிக்காவில் 2011இலிருந்து உதட்டுக்கென்றே அனுமதி பெற்றவை இந்த வகையில் இருக்கின்றன, இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். அரை மில்லிலீட்டரில் தொடங்கச் சொல்லுங்கள். பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

நீண்டகாலத்துக்கு வேண்டுமென்றால் வேறு வழிகளும் உண்டு. வயிற்றிலோ தொடையிலோ இருந்து சொந்தக் கொழுப்பை எடுத்து உதட்டில் போடுவது ஒன்று, எவ்வளவு தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வாயோரத்தால் மெல்லிய சிலிக்கன் குழாயைச் செருகுவது இன்னொன்று, அது இடம் மாறலாம், தொட்டால் தெரியலாம், ஆனால் திரும்ப எடுக்கலாம். மூக்குக்குக் கீழே தோலை வெட்டி மேலுதட்டைத் தூக்கும் சத்திரசிகிச்சையும் இருக்கிறது. காது குத்திய இடமோ மூக்குத்தி போட்ட இடமோ தடித்து வளர்ந்த அனுபவம் உள்ளவர்கள் வெட்டுவது எதற்கும் சம்மதிக்கமுன் அதை வைத்தியரிடம் காட்டுங்கள், முகத்திலும் அப்படி வளரலாம்.

போடுகிறவர் யார் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த வைத்தியராக இருக்க வேண்டும், பெயரையும் பதிவு இலக்கத்தையும் வாங்கி நீங்களே சரிபாருங்கள். அவர் தோல் வைத்திய நிபுணரா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரா, உதட்டில் எத்தனை வருஷமாகச் செய்கிறார் என்றும் கேளுங்கள். பார்லரில் முடி வெட்டுகிற அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது அவர் வேலை இல்லை. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஏற்றும் பேனாவையும் நம்ப வேண்டாம், அதற்கு எதிராக அமெரிக்க நிர்வாகம் 2021இல் எச்சரிக்கை விட்டிருக்கிறது. பொருள் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவானதா என்று கேளுங்கள். பெட்டியை உங்கள் முன்னால் உடைக்க வேண்டும். பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி தெரியும்படி போனில் ஒரு படம் எடுங்கள். கூட்டாளியோடு சேர்ந்து ஒரே சிரிஞ்சைப் பாதி பாதி போட்டுக்கொள்வது கூடவே கூடாது, இரத்தத்தால் பரவும் நோய் அப்படித்தான் வரும்.

சம்மதப் படிவத்தைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் நீட்டலாம். வாசிக்க முடியாததில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள், அல்லது வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். போகமுன் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: கர்ப்பம், பாலூட்டல், தன்னெதிர்ப்பு நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்த உடம்பையே தாக்கும் நோய்), சொத்தைப் பல்லோ வாயில் புண்ணோ, உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருவது (வெயிலும் குளிரும் அதைக் கிளப்பும், ஊசியும் கிளப்பும், முன்கூட்டி மாத்திரை தருவார்கள்), அப்புறம் அஸ்பிரின் மாதிரி இரத்தத்தை இளக்கும் மருந்துகள். இதயத்துக்காக எடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஊசி போட்ட அன்று இரவு ரயிலேறி வீடு திரும்பாதீர்கள். இதை நான் கெஞ்சியே சொல்கிறேன். உதட்டுக்குள் ஓடும் நாடிக்குள் ஃபில்லர் போய் அடைத்தால் மணித்தியாலக் கணக்கில் சிகிச்சை வேண்டும். ஹயலூரோனிக் அமிலமாக இருந்தால் ஹயலூரோனிடேஸ் போட்டு அடைப்பைக் கரைக்கப் பார்ப்பார்கள், நிரந்தர வகைக்கு அப்படி ஒரு மாற்று மருந்தே இல்லை. கடுகண்ணாவையில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும்போது உதடு வெளுத்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஆகவே இரண்டு கேள்வியை முன்பே கேளுங்கள். ஹயலூரோனிடேஸ் இந்தக் கிளினிக்கில் இப்போது இருக்கிறதா, இரவில் அழைத்தால் எந்த வைத்தியர் போனை எடுப்பார்? அன்று கிட்டத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள், மறுநாள் ஒருமுறை காட்டிவிட்டு ஏறுங்கள். கல்யாணத்துக்காக என்றால் இரண்டு மாதமாவது முன்னால் முடித்துவிடுங்கள்.

பார்க்க வேண்டிய அறிகுறிகள் இவை: உதடோ அதைச் சுற்றிய தோலோ வெள்ளையாவது, ஊதா நிறத்தில் வலைபோலக் கோடு விழுவது, நேரம் போகப் போகக் கூடும் வலி. விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு மூன்று விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். நம் மாநிறத் தோலில் வெளியே சரியாகத் தெரியாது, உதட்டை மடித்து உட்பக்கத்தைப் பாருங்கள், மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். விறைப்பு ஊசி போட்டிருந்தால் வலி முதலில் தெரியாது, அதனால் வலியை மட்டும் நம்ப வேண்டாம். ஏதாவது ஒன்று தெரிந்தால் உடனே கிளினிக்குக்கு. பார்வை மங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் போங்கள், அதற்குக் காசில்லை.

ஏற்கெனவே நிரந்தர ஃபில்லர் போட்டவர்கள் இதை வாசித்துப் பயப்பட வேண்டாம், பலருக்கு ஒன்றும் ஆகாமலே போகலாம். கட்டி தென்பட்டால் அழுத்திப் பிசையாதீர்கள், மேலே வேறு ஃபில்லர் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள், ஓயின்ட்மென்ட் வாங்கிப் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்காதீர்கள். பதுளை, நுவரெலியா, கண்டி அரச வைத்தியசாலைகளில் தோல் கிளினிக் இருக்கிறது, வெட்கப்படாமல் போய் எப்போது, எங்கே, என்ன போட்டது என்று சொல்லுங்கள். அந்தப் பெட்டியின் படம் கையில் இருந்தால் அவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். பல் பிடுங்கவோ சுத்தம் செய்யவோ போகும்போது பல் வைத்தியரிடமும் அதைக் காட்டுங்கள், வாயிலிருந்து போகும் கிருமி உதட்டுக்குள் கிடக்கும் பொருளில் தங்கிவிடலாம் என்பதால் அவர் அதற்கேற்ற மாதிரி பார்த்துச் செய்வார்.