இந்தியாவில் சொந்தமாக டிரேட்மார்க் விண்ணப்பம் போடுவது எப்படி?

ஜிஎஸ்டி எடுத்தாச்சு, உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழ் இருக்கு, வெப்சைட் பெயரும் வாங்கியாச்சு, அப்புறம் எதுக்கு டிரேட்மார்க் என்று கேட்பவர்கள் நிறைய. இவற்றில் எதுவுமே உங்கள் பிராண்டு பெயரை உங்களுக்குச் சொந்தமாக்காது. ஜிஎஸ்டி வரிக்கு, உத்யம் சலுகைகளுக்கு, வெப்சைட் பெயர் ஒரு முகவரி, அவ்வளவுதான். பெயருக்கான உரிமை 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவு செய்யாமலேயே பல வருடம் பயன்படுத்தியவருக்கும் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, ஆனால் அதை நீதிமன்றத்தில் ஒவ்வொரு தடவையும் பில்லும் விளம்பரமும் காட்டி நிரூபிக்க வேண்டும். பதிவு இருந்தால் சான்றிதழை நீட்டினால் பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

நான் என் சோப்பு பிராண்டுக்கு ஏஜென்ட் இல்லாமல் நானே போட்டேன். ஃபாரம் நிரப்புவதும் பணம் கட்டுவதும் லேசான வேலை. தலைவலி அதற்கு முன்னாலும் பின்னாலும்தான், அதனால் அந்த இரண்டு இடத்திலும் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் தேடுங்கள்

டிரேட்மார்க் பதிவு செய்யும் அரசு அலுவலகத்தின் ஐபி இந்தியா தளத்தில் பொதுத் தேடல் இலவசம். கம்ப்யூட்டரில் செய்யுங்கள், மொபைலில் அந்தத் தளத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். வகுப்பு எண்ணைக் கேட்கும் (அதைப் பற்றி அடுத்து சொல்கிறேன்). பெயரை அப்படியே போட்டுத் தேடி, ஒன்றும் வரவில்லை என்று சந்தோஷப்பட்டு எழுந்துவிடக் கூடாது. 'இந்த எழுத்துகள் உள்ளே எங்காவது இருந்தால் காட்டு' என்ற வகைத் தேடலையும், ஒலியை வைத்துத் தேடும் வசதியையும் கட்டாயம் பாருங்கள். பரிசோதிக்கும் அதிகாரி ஸ்பெல்லிங்கை மட்டும் பார்ப்பதில்லை, காதில் எப்படி விழுகிறது என்பதையும் பார்க்கிறார். 'கீர்த்தி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஆங்கிலத்தில் 'டிஎச்' போட்டு எழுதுவோம், வடக்கே வெறும் 'டி' போடுவார்கள், இரண்டு 'ஈ'க்குப் பதில் ஒரு 'ஐ' போடுவார்கள். இந்த எல்லா வடிவத்தையும் தனித்தனியாகத் தேடி, வந்ததை ஒரு எக்செல் ஷீட்டில் விண்ணப்ப எண், வகுப்பு, பொருள், ஸ்டேட்டஸ் என்று எழுதி வையுங்கள். இந்த ஷீட் பிற்பாடு சோறு போடும்.

தேடலில் ஒன்றும் சிக்காவிட்டாலும் பெயரே பலவீனமாக இருக்கலாம். 'தூய தேங்காய் எண்ணெய்' என்று எண்ணெய்க்கே பெயர் வைத்தால் கிடைக்காது, ஏனென்றால் அது பொருளை விவரிக்கிற சொல், எண்ணெய் விற்கும் எல்லோருக்கும் அது வேண்டும். ஊர்ப்பெயர், 'பெஸ்ட்', 'ஆர்கானிக்' மாதிரி சொற்களுக்கும் இதே கதிதான். பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத சொல்லோ, நீங்களே உருவாக்கிய சொல்லோதான் பலமானது. மார்க்கெட்டிங் ஆட்கள் இதற்கு நேர் எதிராகச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

வகுப்பு

பொருள்களும் சேவைகளும் மொத்தம் 45 வகுப்பு: 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். குளியல் சோப்பு 3, மருந்து கலந்த சோப்பு 5. ஊறுகாயும் சமையல் எண்ணெயும் 29, மசாலாப் பொடி 30, துணிமணி 25, ஹோட்டல் 43, பலருடைய பொருள்களை வாங்கி விற்கும் கடை 35. ஊறுகாயும் மசாலாவும் ஒரே சமையலறையில் தயாரானாலும் வகுப்பு வேறு, கட்டணமும் தனித்தனி.

ஒரே விண்ணப்பத்தில் பல வகுப்பு போடலாம். நான் போட மாட்டேன். ஒரு வகுப்பில் ஆட்சேபம் வந்தால் மற்றதும் சேர்ந்து காத்துக் கிடக்கும். பொருள் விவரம் எழுதும்போது இன்றைக்கு விற்பதோடு நிறுத்தாமல், அடுத்து கொண்டுவர நினைப்பதையும் சேர்த்துவிடுங்கள், விண்ணப்பத்தில் இல்லாத பொருளைப் பிறகு நுழைக்க முடியாது. அதற்காக அந்த வகுப்பையே மொத்தமாக அள்ளிப் போடவும் வேண்டாம்.

சொல்லா, லோகோவா?

கையில் ஒரு விண்ணப்பத்துக்குத்தான் பணம் என்றால் வெறும் சொல்லுக்குப் போடுங்கள். லோகோவை அடுத்த வருடம் மாற்றுவீர்கள், பெயரை மாற்ற மாட்டீர்கள். லோகோவுக்குப் போடுவதாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் போடுங்கள். நிறத்தைக் குறிப்பிட்டு வரம்பு வைக்காமல் பதிவானால் எல்லா நிறத்துக்கும் பதிவானதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அதன் உச்சரிப்பையும் அர்த்தத்தையும் ஆங்கிலத்தில் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாரமும் பணமும்

ஃபாரம் பெயர் டிஎம்-ஏ. ஆன்லைனில் போட்டால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியவற்றுக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. தனி உரிமையாளர் தன் சொந்தப் பெயரில் போட்டாலே குறைந்த கட்டணம். கூட்டாண்மை, கம்பெனி என்றால் குறைந்த கட்டணத்துக்கு உத்யம் சான்றிதழைச் சேர்க்க வேண்டும். ஆன்லைனில் கையெழுத்துப் போட கிளாஸ் 3 டிஜிட்டல் சிக்னேச்சரை (இந்த 'கிளாஸ்' மேலே சொன்ன வகுப்பு இல்லை) முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சென்னை அலுவலகம்தான், ஆனால் நேரில் போக வேண்டிய வேலை எதுவும் இதில் இல்லை.

இந்த ஃபாரத்தில் யோசிக்க வைக்கும் கட்டம் ஒன்றே ஒன்றுதான்: எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பது. இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறேன் என்று போடலாம், அல்லது தேதி கொடுக்கலாம். தேதி கொடுத்தால் அஃபிடவிட்டும் (உறுதிமொழிப் பத்திரம்) ஆதாரமும் வேண்டும். வாய்க்கு வந்த தேதியைப் போடாதீர்கள். பிராண்டு பெயர் அச்சடித்த மிகப் பழைய பில், லேபிள் அடித்த பிரஸ்ஸின் ரசீது, பெயரோடு போட்ட பழைய விளம்பரம், இவற்றில் எது முந்தையதோ அந்தத் தேதிதான் உங்கள் தேதி. கடை திறந்த தேதி வேறு, அந்தப் பெயரில் பொருள் விற்ற தேதி வேறு. பில்லில் கடை உரிமையாளர் பெயர் மட்டும் இருந்து பிராண்டு பெயர் எங்கேயும் இல்லை என்றால் அந்த பில் உதவாது.

பணம் கட்டியதும் விண்ணப்ப எண் வரும். அன்றே பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' மட்டும் சான்றிதழ் வரும் வரை கூடாது, பதிவாகாததைப் பதிவானது என்று காட்டுவது சட்டப்படி குற்றம்.

'அப்ஜெக்டட்' என்று வந்துவிட்டதா?

விண்ணப்பத்தைப் பரிசோதித்த அதிகாரி ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். இங்கேதான் பாதிப் பேர் பயந்து ஓடுகிறார்கள். ஸ்டேட்டஸில் இந்த வார்த்தை வந்த மறுநாளே உங்கள் போனும் அடிக்க ஆரம்பிக்கும், 'சார், உங்க பிராண்டு கேன்சல் ஆகப் போகுது' என்று. விவரங்கள் பொதுவில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். ஆட்சேபம் என்பது நிராகரிப்பு இல்லை. ஆட்சேபத்தை விளக்கும் பரிசோதனை அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில் போட வேண்டும், போடாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அறிக்கை இமெயிலில் வரும், ஸ்பாம் ஃபோல்டரையும் பாருங்கள்.

அறிக்கையில் பெரும்பாலும் டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 9 அல்லது 11 இருக்கும். 9 என்றால் 'இது வெறும் விவரிக்கும் சொல்' என்ற வாதம். 11 என்றால் 'ஏற்கனவே இதே மாதிரி ஒன்று இருக்கிறது' என்று ஒரு பட்டியல். மிரள வேண்டாம், எக்செல் ஷீட்டை எடுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் தளத்தில் போட்டு இன்றைய நிலையைப் பாருங்கள். சிலது கைவிடப்பட்டிருக்கும், சிலது நிராகரிக்கப்பட்டிருக்கும், அவற்றை அப்படியே சுட்டிக்காட்டலாம். மீதி உள்ளதற்குப் பொருள் எப்படி வேறு, முழுப் பெயரும் பார்க்கவும் கேட்கவும் எப்படி வேறு என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி. 'நாங்கள் தரமான நிறுவனம்' என்ற பாணியில் பக்கம் பக்கமாக எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. உங்கள் பதிலில் அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால் ஹியரிங் வைப்பார்கள், வீடியோவிலேயே முடிந்துவிடும். பெரிய கம்பெனியின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் இந்த இடத்தில் வக்கீலிடம் போங்கள், அந்தச் செலவு வீணில்லை.

அதற்குப் பிறகு

ஏற்றுக்கொண்டால் அந்த அலுவலகம் வெளியிடும் டிரேட்மார்க் ஜர்னல் என்ற இதழில் உங்கள் பெயர் வெளியாகும். அன்றிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்தால் அதன் நகல் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் எதிர் அறிக்கை தர வேண்டும், இதை நீங்களே எழுத முயற்சிக்க வேண்டாம். யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ். எவ்வளவு தாமதமானாலும் பதிவு நீங்கள் விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்கு, அதனால்தான் சீக்கிரம் போடச் சொல்கிறேன்.

பிற்சேர்க்கை: சிலர் கேட்டதால் இது. ஜர்னலில் பெயர் வந்த பிறகு அரசாங்க முத்திரை மாதிரி ஏதோ போட்டு 'பதிவுக் கட்டணம் பாக்கி' என்று கடிதம் வந்தால் கட்டாதீர்கள். விண்ணப்பத்தோடு கட்டியதுதான், பதிவுக்கென்று தனிக் கட்டணம் கிடையாது.

இன்னொருவர், பதிவு செய்துவிட்டுப் பெயரைச் சும்மா வைத்திருக்கலாமா என்று கேட்டார். தொடர்ந்து ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமல் இருந்தால் அதைக் காரணம் காட்டி நீக்கச் சொல்லி மற்றவர் மனு போடலாம். பதிவு 10 வருடம் செல்லும், முடிவதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் டிஎம்-ஆர் ஃபாரத்தில் புதுப்பிக்கலாம், ஆன்லைனில் வகுப்புக்கு 9,000 ரூபாய். இதில் தனிநபருக்குத் தள்ளுபடி இல்லை.