காலிக் கட்டங்களை நம்பாதீர்கள்: ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகும் சேலத்துப் பிள்ளைகளுக்கு

பொங்கலுக்கு நான் மெல்பர்னிலிருந்து ஹஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்தால், மொட்டை மாடியில் ஒரு சின்ன வகுப்பு கூடிவிடும். பிப்ரவரியில் புறப்படப் போகும் பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டுவடை செட்டோடு வந்து உட்காருவார்கள். இந்த முறை மூன்று பேர்: என் சித்தி மகன், அவனோடு பொறியியல் படித்த நண்பன், ஏற்காடு நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு பெண். விசா, வாடகை, குக்கர் எடுத்துப் போகலாமா என்று இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். என்ன பாடம் எடுக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்டதும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதெல்லாம் காலேஜ்லயே குடுத்துருவாங்கல்லக்கா?" என்றான் தம்பி.

கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர்க் கல்லூரியில் செமஸ்டர் தொடங்கும் நாளில் டைம்டேபிள் நோட்டீஸ் போர்டில் இருக்கும். ஒரு செக்‌ஷன், ஒரு வகுப்பறை. ஆசிரியர்கள் அறைக்கு வருவார்கள், நாம் உட்கார்ந்திருப்போம். அங்கே பாடத்தை நீங்கள் தேர்ந்தெடுத்து ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் எந்த நாள், எந்த நேர வகுப்பு என்பதையும் நீங்களே தேர்வு செய்ய வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் உங்களோடு உட்காருபவர்கள் வேறு வேறு ஆட்கள். முதல் வாரம் இது மிகவும் தனிமையாக இருக்கும். பழகிவிடும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நமக்கு யூனிட் என்றால் ஒரு பாடத்தின் ஐந்து பகுதிகளில் ஒன்று. மோனாஷ், சிட்னி பல்கலைக்கழகங்களில் யூனிட் என்றால் முழுப் பாடம். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் அதையே சப்ஜெக்ட் என்பார்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கோர்ஸ் என்பார்கள். ஆனால் மோனாஷில் கோர்ஸ் என்றால் மொத்தப் பட்டப்படிப்பு! சீனியர் அண்ணன் ஒருவர் "கோர்ஸ் மாத்திக்கலாம், பிரச்சினை இல்லை" என்று சொன்னால், அவர் எந்தப் பல்கலையில் படித்தார் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒரு பாடத்தை மாற்றுவது சில நிமிட வேலை, படிப்பையே மாற்றுவது விசா வரைக்கும் போகிற விஷயம்.

கிரெடிட் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறும். மெல்பர்னில் பெரும்பாலும் ஒரு பாடம் 12.5 புள்ளி, ஒரு செமஸ்டருக்கு 50. மோனாஷிலும் சிட்னியிலும் ஒரு பாடம் 6 புள்ளி, செமஸ்டருக்கு 24. எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், எப்படிப் பார்த்தாலும் நான்கு பாடம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலையில் மட்டும் வருடத்துக்கு மூன்று டெர்ம், ஒவ்வொன்றும் பத்து வார வகுப்பு. அங்கே ஒரு டெர்முக்கு இரண்டு அல்லது மூன்று பாடம்தான், ஆனால் ஓட்டம் வேகமாக இருக்கும்.

இனி தேர்வு செய்வது எப்படி என்று பார்க்கலாம். இரண்டு வருட முதுகலை என்றால் பெரும்பாலும் பதினாறு பாடம். ஒரு பெரிய தாளில் நான்கு செமஸ்டருக்கும் கட்டம் போடுங்கள். முதல் செமஸ்டரிலிருந்து நிரப்பாதீர்கள். கடைசி செமஸ்டரில் எடுக்க விரும்பும் பாடத்தை, இல்லையென்றால் பிராஜெக்டை, முதலில் எழுதுங்கள். அதற்கு முன்தகுதியாக எந்தப் பாடம் வேண்டும் என்று பல்கலையின் கையேட்டில் பாருங்கள். அந்தப் பாடத்துக்கு எது முன்தகுதி, அதற்கு எது என்று பின்னாலேயே வாருங்கள். நான் இதைச் சொன்னதும் ஏற்காட்டுப் பெண், "மலையிலிருந்து இறங்குற மாதிரியாக்கா? இருபதாவது வளைவுல ஆரம்பிச்சு?" என்று கேட்டாள். ஆமாம், அதேதான். இடையில் ஒரு வளைவையும் தாண்டிக் குதிக்க முடியாது.

இதில் ஜூலையில் சேருபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பல பாடங்கள் வருடத்தில் ஒரு செமஸ்டரில் மட்டுமே நடக்கும், வரிசையின் முதல் பாடம் பல துறைகளில் பிப்ரவரி செமஸ்டரில்தான் இருக்கும். ஜூலையில் வந்தவர் அடுத்த பிப்ரவரி வரை காத்திருந்து அதை எடுத்தால், கடைசிப் பாடம் படிப்பு முடிய வேண்டிய தேதிக்கு அப்பால் போய்விடலாம். கையேட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் எந்த செமஸ்டர் என்று போட்டிருக்கும். அதையும் கட்டத்தில் குறித்துக்கொண்டு, தாளைப் படம் எடுத்து, பல்கலையின் மாணவர் ஆலோசகருக்கு மின்னஞ்சலில் அனுப்பி "இந்தத் திட்டம் சரியா?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அதற்குப் பதில் சொல்வதுதான் அவர்கள் வேலை.

இங்கே படித்த பாடங்களுக்குக் கிரெடிட் கேட்டால், அதாவது அங்கே சில பாடங்களைப் படிக்காமல் விலக்கு வாங்கினால், படிப்புக் காலம் குறையும், பணம் மிச்சம் என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். பணம் மிச்சமாகும், உண்மை. ஆனால் படித்து முடித்த பின் அங்கே தங்கி வேலை பார்க்கும் 485 விசாவுக்கு, ஆஸ்திரேலியாவில் குறைந்தது 92 வாரக் கணக்குள்ள படிப்பை, 16 மாதத்துக்குக் குறையாமல் படித்து முடித்திருக்க வேண்டும். நான்கு பாடத்துக்குக் கிரெடிட் வாங்கி ஒன்றரை வருடத்தில் முடித்தால், 16 மாதம் தாண்டினாலும் அந்த 92 வாரக் கணக்கு உதைக்கும். கையெழுத்துப் போடும் முன் இதை விசாரியுங்கள். கிரெடிட் வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும், நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் கல்லூரி அலுவலகத்தில் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்தகுதிக் கேள்வி எப்போது வரும் என்று சொல்ல முடியாது, மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு சேலத்தில் ஒரு முத்திரை வாங்குவது பெரிய பாடு.

அடுத்தது அரியர். நம் ஊரில் அரியர் விழுந்தால் வீட்டில் திட்டு விழும், அடுத்த முறை கட்டணம் கட்டிப் பரீட்சை எழுதிக்கொள்ளலாம். அங்கே அரியர் என்ற ஒன்று கிடையாது. தவறினால் அந்தப் பாடத்தை முழுக் கட்டணமும் கட்டி, வகுப்புக்குப் போய், அசைன்மென்ட் எல்லாம் செய்து மறுபடி படிக்க வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு ஒரு பாடத்தின் கட்டணமே ரூபாய்க் கணக்கில் லட்சங்களில் போகும். எனக்கு இது நடந்தது. முதல் செமஸ்டரிலேயே கடினமான புள்ளியியல் பாடத்தை எடுத்தேன். மூன்றாவது வாரத்திலேயே என்னால் முடியாது என்று தெரிந்தது. பரீட்சைக்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தால் தேறிவிடலாம் என்று நினைத்தேன், இங்கே எப்போதும் அப்படித்தான் தேறினேன். 44 வந்தது. தேர்ச்சிக்கு 50 வேண்டும். அப்பா செவ்வாய்ப்பேட்டைக் கடையை அடமானம் வைத்துக் கட்டிய பணம். அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை. உங்களில் ஒருவருக்கும் அது வரக் கூடாது.

அப்போது எனக்குத் தெரியாத ஒரு சொல் சென்சஸ் தேதி. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு அல்ல. அந்தத் தேதிக்குள் ஒரு பாடத்திலிருந்து விலகினால் மதிப்பெண் பட்டியலில் தோல்வி ஏறாது, அதைத் தாண்டினால் கட்டணம் உங்கள் தலையில். பல பல்கலைகளில் முதல் செமஸ்டருக்கு மார்ச் 31, இரண்டாவதற்கு ஆகஸ்ட் 31. உங்கள் பல்கலையின் தேதியைப் பார்த்து இன்றே கைப்பேசியில் பத்து நாள் முன்னதாக ஒரு அலாரம் வையுங்கள். விலகுவது என்றாலும் நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். மாணவர் விசாவில் இருப்பவர் குறிப்பிட்ட காலத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்பதால், பாடத்தைக் குறைக்கப் பல்கலையின் அனுமதி வேண்டும். கட்டணம் திரும்புவதற்கும் தனி விதிகள் உண்டு.

இப்போது டைம்டேபிள். என் முதல் டைம்டேபிளை வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன். "என்ன கண்ணு, வாரத்துக்குப் பன்னெண்டு மணி நேரந்தான் காலேஜா? இதுக்கா இவ்வளவு பீஸு?" அப்பா மட்டுமல்ல, நானும் அப்படித்தான் நினைத்தேன். செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்று நாள் வகுப்பு, மிச்சமெல்லாம் காலிக் கட்டம்.

அந்தக் காலிக் கட்டத்தில்தான் படிப்பே இருக்கிறது. மெல்பர்ன் பல்கலையில் ஒரு பாடத்துக்கு மொத்தம் 170 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். நான்கு பாடத்துக்கு 680. செமஸ்டரின் பன்னிரண்டு வார வகுப்பு, நடுவே ஒரு வார விடுமுறை, பரீட்சைக்கு முந்தைய படிப்பு வாரம், பரீட்சை வாரங்கள் எல்லாம் சேர்த்துப் பிரித்தால் வாரத்துக்குச் சுமார் 40 மணி நேரம். டைம்டேபிளில் தெரிவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எங்கே போகிறது? லெக்சருக்கு முன் வாசிக்க வேண்டிய கட்டுரைகள், டுடோரியலுக்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு, குழு வேலைக்கு நான்கு பேரும் சேர்ந்து உட்காருவது, இரண்டாயிரம் சொல்லில் ஒரு அறிக்கை. பரீட்சைக்கு மட்டும் நூறு மதிப்பெண் இருக்காது. மூன்று, நான்காவது வாரத்திலிருந்தே மதிப்பெண் சேரத் தொடங்கிவிடும். கடைசி வாரம் முக்கியக் கேள்விகளைப் படித்துத் தப்பிக்க வழியில்லை.

லெக்சர் என்பது பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானவர்களோடு கேட்பது. பெரும்பாலும் பதிவும் கிடைக்கும். டுடோரியல் என்பது சிறு குழு, அங்கே வாயைத் திறந்து பேச வேண்டும். நம் பிள்ளைகள் லெக்சருக்குத் தவறாமல் போய், டுடோரியலை விட்டுவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். 75 சதவீத வருகைப் பதிவு என்று யாரும் மிரட்ட மாட்டார்கள். ஆனால் சில பாடங்களில் டுடோரியலுக்கோ லேபுக்கோ வராவிட்டால், மொத்த மதிப்பெண் தேறினாலும் தோல்விதான். இதை ஹர்டில் என்பார்கள். பாடக் குறிப்பில் அந்தச் சொல் இருக்கிறதா என்று முதல் நாளே தேடுங்கள்.

வகுப்பு நேரத்தைத் தேர்வு செய்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல பல்கலைகளில் முதலில் விருப்பத்தைப் பதிவு செய்யச் சொல்வார்கள், கணினி பிரித்துக் கொடுக்கும். பிறகு மாற்றிக்கொள்ளும் நாள் வரும், அன்று முந்தியவருக்கு இடம். மெல்பர்னில் காலை பத்து மணிக்குத் திறக்கும் என்றால், ஜனவரி, பிப்ரவரியில் சேலத்தில் அதிகாலை நாலரை. தூங்கி எழுந்து ஏழு மணிக்குப் பார்த்தால் திங்கள் காலை எட்டு மணியும் வெள்ளி மாலை ஆறு மணியும்தான் மிச்சம் இருக்கும். கோலம் போட எழும் நேரத்துக்கு முன்பே அம்மாவிடம் எழுப்பச் சொல்லுங்கள்.

எல்லா வகுப்பையும் இரண்டே நாளில் அடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள், மீதி நாள் வேலைக்குப் போகலாம் என்று. முதல் செமஸ்டரில் வேண்டாம். தொடர்ந்து ஏழு மணி நேரம் ஆங்கிலத்தில் கேட்பது எவ்வளவு களைப்பு என்பது அனுபவித்தால்தான் தெரியும். மூன்று நாளாகப் பரப்புங்கள். வீடு எங்கே என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நகரத்திலிருந்து தள்ளி இருக்கும் டார்னீட்டிலோ டாண்டினாங்கிலோ வாடகை குறைவு என்று தங்கினால், எட்டு மணி வகுப்புக்கு இருட்டில் கிளம்ப வேண்டும். ஜூன் கடைசியில் மெல்பர்னில் சூரியன் உதிப்பதே ஏழரை மணிக்கு மேல். ஏற்காட்டுப் பனியில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். சேலத்து வெயிலில் வளர்ந்த எனக்குத் தெரிந்தது.

வேலை விஷயம். வகுப்பு நடக்கும் காலத்தில் பதினான்கு நாளுக்கு 48 மணி நேரம்தான். இந்தப் பதினான்கு நாள் எந்தத் திங்கட்கிழமையிலிருந்தும் தொடங்கும், அதனால் அடுத்தடுத்த எந்த இரண்டு வாரத்தைக் கூட்டினாலும் 48 தாண்டக் கூடாது. முதல் வாரம் 20, இரண்டாவது வாரம் 28, மூன்றாவது வாரம் 25 என்றால், கடைசி இரண்டும் சேர்ந்து 53. விதிமீறல். ஆனால் 48 மணி நேரம் அனுமதி இருக்கிறது என்பதற்காக அத்தனையும் வேலை பார்க்க வேண்டியதில்லை. வாரம் 40 மணி நேரப் படிப்போடு 24 மணி நேர வேலையைக் கூட்டிப் பாருங்கள், அப்புறம் சமையல், துணி, பயணம். முதல் செமஸ்டரில் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். வகுப்பு விடுமுறையில் இந்த வரம்பு இல்லை, அப்போது சம்பாதித்துக்கொள்ளலாம்.

நம் நாட்காட்டியையும் அங்கே மாற்றிப் போட வேண்டும். பொங்கல் கோடை விடுமுறையில் வருவதால் வீட்டுக்கு வரலாம். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை இரண்டாம் செமஸ்டரின் தொடக்க வாரங்களில் விழும், வர முடியாது. ஏற்காட்டில் மே மாதம் கோடை விழா நடக்கும்போது உங்களுக்கு அசைன்மென்ட் குவியும். தீபாவளி பெரும்பாலும் கடைசி வகுப்பு வாரங்களையோ பரீட்சையையோ ஒட்டி வரும். பரீட்சை அட்டவணை செமஸ்டர் பாதி போன பிறகுதான் வெளியாகும். அதற்கு முன் மலிவாகக் கிடைக்கிறது என்று விமான டிக்கெட் எடுக்காதீர்கள். டிக்கெட்டுக்காகப் பரீட்சையைத் தள்ளி வைக்க மாட்டார்கள்.

மதிப்பெண் குறைந்தால் உடனே உடைந்துபோகாதீர்கள். இங்கே 65 என்றால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அங்கே 65 நல்ல மதிப்பெண். மெல்பர்னிலும் மோனாஷிலும் 80, சிட்னியில் 85 தாண்டினாலே உச்ச வகுப்பு. பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முதல் வாரத்தில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு பாடத்தின் குறிப்பையும் திறந்து எல்லா அசைன்மென்ட் தேதிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஆறாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் மூன்று நான்கு தேதிகள் மோதுவதைப் பார்ப்பீர்கள். அந்த வாரங்களுக்கு வேலையில் இப்போதே விடுப்புச் சொல்லுங்கள். பிறகு டைம்டேபிளின் காலிக் கட்டங்களில் எந்தப் பாடத்தை எப்போது படிக்கப் போகிறீர்கள் என்று எழுதி, வகுப்புக்கு ஒரு வண்ணம், படிப்புக்கு ஒரு வண்ணம், வேலைக்கு ஒரு வண்ணம் தீட்டுங்கள். வீட்டுக்குப் பேசும் நேரத்துக்கும் ஒரு கட்டம் விடுங்கள். மார்ச்சில் உங்களுக்கு இரவு ஒன்பது என்றால் சேலத்தில் மதியம் மூன்றரை, கடையில் கூட்டம் இல்லாத நேரம். அந்த வண்ணத் தாளைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்புங்கள்.