காணி உறுதியைப் போனில் ஸ்கான் பண்ணி வைப்பது எப்படி?

இலங்கையின் வடக்கே, வன்னியில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பை இருக்கும். காணி உறுதி (உரிமைப் பத்திரம்) அல்லது அரச காணிக்கான பெர்மிட், பிறப்பு அத்தாட்சி, திருமணப் பதிவு, பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறு, வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள்தான். 2009 வரை போரால் ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலத்தில் சட்டி பானையை விட்டுவிட்டு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பலர். அதையும் தவற விட்டவர்கள் பலர். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் ஏறியபோதும் முதலில் தேடியது அதைத்தான்.

அந்தப் பையில் இருப்பவற்றைப் போனில் ஸ்கான் பண்ணி, இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும் கூகிள் டிரைவில் ஒரு கொப்பி வைப்பது எப்படி என்று பார்ப்போம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கொப்பியை வைத்துக் காணி விற்க முடியாது, கடனும் எடுக்க முடியாது. மூலப்பத்திரம் மூலப்பத்திரம்தான். ஆனால் அது தொலைந்துவிட்டால், காணிப் பதிவகத்திலோ பிரதேச செயலகத்திலோ பிரதி கேட்டு விண்ணப்பிக்கும்போது உறுதி இலக்கம், உறுதியை எழுதிய நொத்தாரிசின் பெயர், பதிவு இலக்கம், திகதி எல்லாம் கேட்பார்கள். அவை கையில் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. ஸ்கான் பண்ணுவதே அந்த இலக்கங்களுக்காகத்தான்.

தேவையானது ஒரு ஆண்ட்ராய்ட் போனும் அதில் கூகிள் டிரைவ் செயலியும். பெரும்பாலான போன்களில் டிரைவ் ஏற்கனவே இருக்கும். ஐபோன்காரரும் இதே செயலியைப் பாவிக்கலாம்.

முதலில் கணக்கு யாருடையது என்று பாருங்கள்

இதைத் தாண்டி ஓடாதீர்கள். நம் பக்கம் போன் வாங்கும் கடையிலேயே ஜிமெயில் கணக்கும் திறந்து கொடுத்துவிடுவார்கள். கடவுச்சொல் கடைப் பையனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட கணக்கில் காணி உறுதியை ஏற்றுவதும், வீட்டுத் திறப்பைக் கடையில் கொடுத்துவிட்டு வருவதும் ஒன்றுதான்.

போனின் செட்டிங்ஸில் 'கூகிள்' என்ற வரியைத் தொடுங்கள். மேலே பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வரும். அங்கிருந்து கணக்கு நிர்வாகத்துக்குள் போய், பாதுகாப்புப் பகுதியில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பழையது தெரியாவிட்டால் 'மறந்துவிட்டேன்' என்பதைத் தொடலாம். பெரும்பாலும் போனின் திரைப்பூட்டைக் கேட்கும், அல்லது உங்கள் இலக்கத்துக்கு ஒரு குறியீடு அனுப்பும். அதே பகுதியில் எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலும் உண்டு. தெரியாத போனோ கணினியோ அதில் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

அப்புறம் மீட்பு இலக்கம், அதாவது கடவுச்சொல் மறந்தால் கூகிள் குறியீடு அனுப்பும் போன் இலக்கம். பழைய சிம்மை வீசிவிட்டு புது இலக்கம் எடுத்திருப்பீர்கள், கணக்கில் பழையதே கிடக்கும். மாற்றுங்கள். நம்பிக்கையான ஒருவருடைய மின்னஞ்சலையும் மீட்பு முகவரியாகக் கொடுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கினால், போன் கையில் இல்லாதபோதும் உள்ளே போக 8 இலக்கம் கொண்ட 10 காப்புக் குறியீடுகளை எடுத்துக்கொள்ளலாம். அவற்றை ஒரு தாளில் எழுதி அதே பைக்குள் போடாமல் வேறு இடத்தில் வையுங்கள். பை போனால் குறியீடும் சேர்ந்து போய்விடும்.

தாளைத் தயார் பண்ணுங்கள்

பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை வெளியே எடுங்கள். உறைக்கு மேலாக எடுத்தால் வெளிச்சம் பட்டு நடுவில் வெள்ளைத் திட்டு விழும். சரியாக இலக்கம் இருக்கும் இடத்தில்தான் அந்தத் திட்டு வந்து குந்தும்! லமினேட் பண்ணிய அடையாள அட்டை என்றால் நிழலான விறாந்தையில் வைத்து, போனைச் சற்றே சரித்துப் பாருங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

கடும் நிறத் துணியோ பாயோ விரித்து அதன் மேல் தாளை வையுங்கள். பின்னணி வெள்ளையாக இருந்தால் தாளின் ஓரம் எதுவென்று செயலிக்குப் பிடிபடாது. காலை வெளிச்சம் நல்லது. மடிப்பு விழுந்த பழைய உறுதியை அயர்ன் பண்ணப் போகாதீர்கள், மடிப்பிலேயே கிழிந்துவிடும். நான்கு மூலையிலும் சிறு பாரம் வைத்தால் போதும்.

ஸ்கான்

டிரைவைத் திறந்தால் கீழே வலப்பக்கம் ஒரு கமரா அடையாளம் தெரியும். சில போன்களில் கூட்டல் அடையாளத்தைத் தொட்டால்தான் ஸ்கான் வரும். போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள். ஓரங்களைப் பிடித்ததும் தானாகவே எடுத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் வட்ட பட்டனைத் தொடுங்கள். ஓரம் பிசகியிருந்தால் மூலைப் புள்ளிகளை விரலால் இழுத்துச் சரிசெய்யலாம்.

பின்பக்கத்தையும் எடுங்கள். பழைய பத்திரங்களில் பதிவு முத்திரையும் கையால் எழுதிய குறிப்பும் பின்னால்தான் இருக்கும். பக்கம் சேர்க்கும் பட்டனைத் தொட்டால் எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பாக வந்துவிடும். நிறத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றாமல் நிறத்திலேயே விடுங்கள். கறுப்பு வெள்ளையில் எழுத்து பளிச்சென்று வரும், உண்மைதான். ஆனால் மங்கிய ஊதா முத்திரை காணாமல் போய்விடும்.

சேமிக்கும்போது செயலி தானாகத் திகதியைப் பெயராகப் போடும். அதை அழித்துவிட்டு 'அப்பா காணி உறுதி புதுக்குடியிருப்பு' என்பது போல ஒரு பெயர் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே தேடலாம். எல்லாவற்றையும் 'வீட்டுப் பத்திரங்கள்' என்று ஒரே கோப்புறைக்குள் போடுங்கள்.

இனி அந்தக் கோப்பைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, இலக்கங்களை வாய்விட்டு வாசியுங்கள். அடையாள அட்டை இலக்கத்தில் 3 எது, 8 எது என்று சந்தேகம் வந்தால் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். இலவச இடம் 15 ஜிபி. பத்திரங்களுக்கு அது தாராளம், ஆனால் கூகிள் போட்டோஸும் ஜிமெயிலும் அதே 15 ஜிபிக்குள்தான். கலியாண வீட்டு வீடியோக்களால் அது நிரம்பியிருந்தால் புதியது ஏறாது.

ஏறிவிட்டதா?

வன்னியில் முக்கியமான கேள்வி இது. உள்ளூரில் சில இடங்களில் சிக்னல் ஒரு கோடுதான் நிற்கும். சேமித்த உடனே போனை மூடிவிட்டால் கோப்பு இன்னும் போனுக்குள்ளேயே காத்துக்கொண்டிருக்கலாம். வைஃபையில் மட்டும் ஏற்று என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், டேட்டா எவ்வளவு இருந்தாலும் அது நகராது. டிரைவின் செட்டிங்ஸில் அதை நிறுத்துங்கள். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மாங்குளம், கிளிநொச்சி பக்கம் போகும் நாளில் செயலியைத் திறந்து பார்த்தால் மிச்சமும் ஏறிவிடும். வேறொரு போனில் உங்கள் கணக்கைத் திறந்து கோப்பு தெரிகிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான சோதனை. பார்த்த பிறகு அந்தப் போனிலிருந்து வெளியேற மறக்காதீர்கள்.

சிக்னல் இல்லாத இடத்திலும் தேவைப்படும் கோப்பு என்றால், பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு இணையமின்றிப் பார்க்கும் வசதியை இயக்கி வையுங்கள்.

பகிர்வதும் பிரிண்ட் எடுப்பதும்

கனடாவில் இருக்கும் அண்ணனுக்கும் ஒரு கொப்பி இருக்கட்டும் என்றால், கோப்புறையை அவருடைய மின்னஞ்சலுக்குப் பகிருங்கள், பார்க்க மட்டும் அனுமதி போதும். இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்ற தெரிவை ஒருபோதும் தொடாதீர்கள். குடும்பக் குழுவில் போட்ட இணைப்பு எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் தரம் குறைந்து சிறிய எழுத்துகள் கலங்கிவிடும்.

தனியாக ஒரு ஸ்கான் செயலி தேவையா என்று கேட்பார்கள். என் கணிப்பில் தேவையில்லை. 2019இல் கோடிக்கணக்கானோர் பாவித்த காம்ஸ்கானர் செயலியின் ஆண்ட்ராய்ட் பதிப்பில் தீங்கான நிரல் இருப்பதை கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்து, அது பிளே ஸ்டோரிலிருந்து சில நாட்கள் நீக்கப்பட்டது. பிறகு திருத்தித் திரும்பி வந்துவிட்டது என்றாலும், உறுதியும் அடையாள அட்டையும் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம் அதிகம்தான்.

கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது அவர்கள் கணினியில் உங்கள் கணக்கைத் திறக்க வேண்டாம். தேவையான ஒரு கோப்பை மட்டும் அவர்களின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, தாள் கைக்கு வந்ததும் உங்கள் கண்முன்னாலேயே கணினியிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் போனிலும் அந்தச் செய்தியை எல்லோருக்குமாக அழித்துவிடுங்கள்.

இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை கூகிள் நிரந்தரமாக அழிக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அம்மாவின் பெயரில் திறந்து அலுமாரிக்குள் போட்ட பழைய போனின் கணக்கில் பத்திரங்கள் இருந்தால், வருடத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.