ஊசலாடும் உருளை கொண்ட மாதிரி நீராவி எஞ்சினின் சட்டத் தகடு: வரைவிலிருந்து சிஎன்சி வரை, படிப்படியாக

மாதிரி எஞ்சின் கட்டும் ஆர்வத்தோடு கேட் எனும் கணினி வரைவையும், கணினிக் கட்டளைப்படி வெட்டும் சிஎன்சி இயந்திர வேலையையும் ஒருசேரக் கற்க விரும்புவோருக்கு முதல் வேலையாக எதைக் கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால், ஊசலாடும் உருளை கொண்ட சிறிய நீராவி எஞ்சினின் சட்டத் தகட்டைத்தான் சொல்வேன். பெயர்ப்பலகையோ பூ வேலைப்பாடோ வெட்டினால் அரை மில்லிமீட்டர் பிசகு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். இந்தத் தகட்டிலோ பிசகு இருந்தால் எஞ்சின் ஓடாது. கற்பவர் தம் வேலையின் தரத்தைத் தாமே அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

நான் எடுத்துக்கொள்ளும் இயந்திரம் 3018 என்ற சிறிய மேசை சிஎன்சி. பெயரிலேயே அளவு இருக்கிறது: 300க்கு 180 மில்லிமீட்டர் வேலைப்பரப்பு. உள்ளே ஓடும் கட்டுப்பாட்டு மென்பொருள் ஜிஆர்பிஎல். கணினியை நிறுவுவது, மென்பொருளை இறக்குவது, யுஎஸ்பி இணைப்பு ஆகியவற்றை விட்டுவிட்டு நேரே வேலைக்கு வருகிறேன்.

படி 1: வரைவதற்கு முன் கணக்கு

இந்த எஞ்சினில் தனி வால்வு கிடையாது. உருளை ஒரு சுழலூசியில் இடமும் வலமும் ஆட, அதன் முகத்திலுள்ள ஒற்றைத் துளை, சட்டத் தகட்டிலுள்ள இரண்டு துளைகளை மாறி மாறிச் சந்திக்கிறது. ஒன்றின் வழியே நீராவி உள்ளே வரும், மற்றொன்றின் வழியே வெளியேறும். பிஸ்டன் மேல் எல்லையிலோ கீழ் எல்லையிலோ இருக்கும்போது உருளைத் துளை இரண்டுக்கும் நடுவே நின்று, எதையும் தொடாமல் மூடியிருக்க வேண்டும்.

நம் எஞ்சினில் கிராங்க் ஆரம் 8 மி.மீ., சுழலூசி மையத்திலிருந்து கிராங்க் அச்சு மையம் வரை 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உருளை சாயும் அதிகபட்சக் கோணத்தின் சைன் மதிப்பு 8/50, அதாவது 0.16, கோணம் ஏறத்தாழ 9.2 பாகை. துளைகள் சுழலூசியிலிருந்து 12 மி.மீ. தொலைவில், கிராங்குக்கு எதிர்ப்பக்கத்தில் அமைந்தால், ஒவ்வொரு துளையும் நடுக்கோட்டிலிருந்து 12 × 0.16 = 1.92 மி.மீ. விலகியிருக்கும். நடுநிலையில் நிற்கும் உருளைத் துளையின் மையத்துக்கும் தகட்டுத் துளையின் மையத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 1.93 மி.மீ. இருக்கும் என்பதால், எல்லாத் துளைகளையும் 1.8 மி.மீ. விட்டத்தில் போட்டால் மூடலுக்கு எஞ்சுவது 0.13 மி.மீ. மட்டுமே. சிறிய மேசை இயந்திரத்தில் அது மிகக் குறைவு. எனவே 1.6 மி.மீ. துளைகளையே பரிந்துரைக்கிறேன், அப்போது 0.33 மி.மீ. கையிருப்பு கிடைக்கிறது.

படி 2: ஃப்ரீகேடில் வரைவு

ஃப்யூஷன் என்ற கேட் மென்பொருளின் தனிப்பயன் உரிமம் இலவசம்தான். ஆனால் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகளுக்குப் பத்து என்ற வரம்பும், வேக நகர்வுகளுக்குக் கட்டுப்பாடும் அதில் உண்டு. நான் ஃப்ரீகேட் என்ற கட்டற்ற கேட் மென்பொருளையே விரும்புகிறேன். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்புக்குப் பிறகு, பழைய வரைவில் ஓர் அளவை மாற்றினால் பின்னால் வரும் படிகள் உடைந்துபோகும் தொல்லையும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. வரைவிலிருந்து வெட்டுப்பாதையை உருவாக்கும் பகுதி பழைய விளக்கங்களில் பாத் என்று காணப்படும்; அதன் பெயர் இப்போது கேம்.

முதலில் ஸ்ப்ரெட்ஷீட் ஒன்றைத் திறந்து கிராங்க் ஆரம், மையத் தொலைவு, சுழலூசியிலிருந்து நீராவித் துளைகளின் தொலைவு ஆகியவற்றுக்குப் பெயர் கொடுத்து எழுதுங்கள். ஸ்கெட்சில் எண்களை நேரடியாக அடிக்காமல் அந்தப் பெயர்களையே பயன்படுத்தினால், நாளை கிராங்கை 7 மி.மீ. ஆக்கும்போது துளைகளும் தாமாகவே இடம் மாறும்.

ஸ்கெட்சின் பூச்சியப் புள்ளியைச் சுழலூசி மையத்தில் வையுங்கள். தகட்டின் மூலையில் வைக்க வேண்டாம். இந்த எஞ்சினில் எல்லா அளவுகளும் சுழலூசியிலிருந்தே பிறக்கின்றன. பித்தளைத் தகடு 40க்கு 80 மி.மீ.; எக்ஸ் திசையில் -20 முதல் +20 வரை, வை திசையில் -62 முதல் +18 வரை. கிராங்க் துளை (0, -50). நீராவித் துளைகள் (1.92, 11.85), (-1.92, 11.85). சுழலூசியைச் சுற்றி 10 மி.மீ. விட்டத்தில் 0.3 மி.மீ. ஆழமுள்ள ஒரு வட்டப் பள்ளமும் வரையுங்கள். அங்கே உலோகம் உரசாமல் விட்டால், உருளை முகம் துளைகளைச் சுற்றி மட்டும் அழுந்தி நன்றாக மூடும்.

தகட்டுக்கு 6 மி.மீ. தடிமன் கொடுக்கும்போது அதைக் கீழ்நோக்கிக் கொடுங்கள். ஃப்ரீகேடில் பேட் கட்டளையில் ரிவர்ஸ்டு என்ற தெரிவு இதற்காகவே இருக்கிறது. தகட்டின் மேல்முகம் இசட் பூச்சியத்தில் அமைய வேண்டும். காரணம் படி 5இல் வருகிறது.

படி 3: கேம்

புதிய ஜாப் திறந்து, வெட்டுப்பாதையை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் போஸ்ட் பிராசஸராக ஜிஆர்பிஎல்லைத் தேர்ந்தெடுங்கள். வேலைகள் மூன்று: நான்கு மையங்களிலும் 90 பாகை ஸ்பாட் டிரில்லால் சிறு குழி, நீராவித் துளைகள் இரண்டுக்கும் 1.6 மி.மீ. டிரில், பள்ளத்துக்கு இரண்டு வெட்டுமுனை கொண்ட 3 மி.மீ. கார்பைடு எண்ட் மில் (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டர்). சுழலூசித் துளையையும் கிராங்க் துளையையும் இங்கே முடிக்க வேண்டாம். குழி மட்டும் போட்டுவிட்டு, டிரில்லிங் மெஷினில் சற்றுக் குறைந்த விட்டத்தில் துளைத்து, துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமரைக் கையால் விடுங்கள். எண்ட் மில் வட்டமாகச் சுற்றி வெட்டும் துளை, திருகில் தளர்வுள்ள இயந்திரத்தில் நீள்வட்டமாகிவிடும்.

வேகக் கணக்கு எளிது. பித்தளைக்கு நிமிடத்துக்கு 80 மீட்டர் வெட்டு வேகம் எடுத்தால், 3 மி.மீ. கட்டருக்கு 1000 × 80 ÷ (3.14 × 3), அதாவது ஏறத்தாழ 8,500 சுற்று. ஒரு வெட்டுமுனைக்கு 0.01 மி.மீ. வீதம் இரண்டு முனைகளுக்கு, நகர்வு வேகம் நிமிடத்துக்கு 170 மி.மீ. ஆழம் ஒரு தடவைக்கு 0.15 மி.மீ. போதும். பள்ளம் இரண்டு சுற்றில் முடியும்.

தகட்டின் வெளிவிளிம்பையும் இதே இயந்திரத்தில் வெட்டலாமா? வெட்டலாம். 240 மி.மீ. சுற்றளவை 6 மி.மீ. ஆழத்துக்கு 0.15 வீதம் நாற்பது சுற்று வெட்ட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், கட்டரும் தேயும். ஹாக்ஸாவும் அரமும் அதை இன்னும் குறைந்த நேரத்தில் முடிக்கும். இயந்திரத்தின் துல்லியம் தேவைப்படும் இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

படி 4: இயந்திரத்தை அளத்தல்

ஜிஆர்பிஎல்லில் $100, $101, $102 என்று குறிக்கப்படும் மூன்று அமைப்புகளும் ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் எத்தனை படி எடுக்க வேண்டும் என்று சொல்கின்றன. 200 படி மோட்டார், 16 நுண்படி, சுற்றுக்கு 4 மி.மீ. நகரும் திருகு என்றால் 800. 50 மி.மீ. நகரச் சொல்லி டயல் கேஜிலோ வெர்னியரிலோ அளந்து பாருங்கள். 49.8 வந்தால், 800 × 50 ÷ 49.8 = 803.2 என்று மாற்றுங்கள்.

அடுத்து பேக்லாஷ். டயல் கேஜை வைத்து, ஒரே திசையில் 1 மி.மீ. நகர்த்தி, பிறகு அதே அளவு திரும்ப வரச் சொல்லுங்கள். முள் திரும்பாமல் விட்ட அளவே திருகின் தளர்வு. ஜிஆர்பிஎல்லுக்கு இதைத் தானாக ஈடுசெய்யத் தெரியாது. நட்டை இறுக்கிக் குறைக்கலாம். மீதிக்கு ஒரே வழி, எல்லா மையங்களையும் ஒரே திசையிலிருந்து நெருங்குவது. ஒவ்வொரு துளைக்கும் முன்னால், 2 மி.மீ. இடப்பக்கமும் 2 மி.மீ. கீழேயும் தள்ளி ஒரு ஜி0 நகர்வை (வெட்டாத வேக நகர்வு) கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

படி 5: பூச்சியம் பிடித்தல்

புதியவர்களின் வேலை பெரும்பாலும் கெடுவது இங்கேதான். வரைவில் ஒரு பூச்சியம் இருக்கிறது, கேம் கோப்பில் ஒன்று இருக்கிறது, இயந்திரத்தில் ஒன்று இருக்கிறது. மூன்றும் பித்தளைத் தகட்டின் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். தகட்டை மேல்நோக்கித் தடிமனாக்கியிருந்தால் கோப்பில் மேல்முகம் +6இல் இருக்கும். இயந்திரத்தில் மேல்முகத்தைப் பூச்சியமாக்கினால் கட்டர் பெரும்பாலும் காற்றிலேயே சுற்றும். மாறாக, வரைவில் மேல்முகம் பூச்சியமாக இருக்க, இயந்திரத்தில் மேசையைப் பூச்சியமாக்கினால், டிரில் முழு வேகத்தில் தகட்டில் மோதி முறியும்.

நாற்பக்கமும் அரம் போட்டுச் செங்கோணமாக்கிய தகட்டை, எம்டிஎஃப் பலகைமேல் பொருத்துங்கள். இரண்டு பரப்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி நடுவில் சூப்பர் குளூ விடும் முறையே எனக்குப் பிடித்தது. கட்டர் மோதுவதற்குக் கிளாம்பே இருக்காது. தகட்டின் இடப்பக்க விளிம்பை வை அச்சுக்கு இணையாக வைத்து, டயல் கேஜால் சரிபாருங்கள்.

கருவியைப் பிடிக்கும் கோலெட்டில் நேரான 3 மி.மீ. ஊசி ஒன்றைப் பிடித்து, ஸ்பிண்டிலை (கருவியைச் சுழற்றும் தலை) சுழற்றாமல் இடப்பக்க விளிம்பை நோக்கி 0.01 மி.மீ. வீதம் நகர்த்துங்கள். இடையே வைத்த தாள் இழுபடத் தயங்கும்போது நிறுத்துங்கள். தாள் 0.1 மி.மீ. என்றால், ஊசியின் மையம் இப்போது -20 - 1.5 - 0.1 = -21.6இல் நிற்கிறது. எனவே கட்டளை: ஜி10 எல்20 பி1 எக்ஸ்-21.6. கீழ் விளிம்பில் அதேபோல் வை-63.6. இவற்றை, கணினியிலிருந்து இயந்திரத்துக்குக் கட்டளைகளை அனுப்பும் மென்பொருளில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பின்பு ஊசியைத் தூக்கி, எக்ஸ்0 வை0 புள்ளிக்கு அனுப்புங்கள். தகட்டில் முன்பே கீறி வைத்த சுழலூசி மையக் குறிமேல் ஊசி நின்றால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

பூச்சியம் வைக்க ஜி92 என்ற கட்டளையைப் பயன்படுத்தச் சொல்லும் விளக்கங்களும் உண்டு. நான் அதைத் தவிர்க்கச் சொல்கிறேன். ரீசெட் செய்தாலே அது அழிந்துவிடும். ஜி10 மூலம் எழுதியது நினைவில் நிற்கும். ஆனால் நகர்வின் எல்லையை உணர்த்தும் லிமிட் சுவிட்ச் இல்லாத இயந்திரத்தில் மின்சாரம் போய் வந்தால், இயந்திரத்துக்குத் தான் நிற்கும் இடமே தெரியாது என்பதால், அந்த நினைவும் பயன்படாது. விளிம்புகளைத் தொட்டு மறுபடி பூச்சியம் பிடிக்க வேண்டும்.

இசட் பூச்சியத்தை மட்டும் ஒவ்வொரு கருவியை மாற்றும்போதும் புதிதாகப் பிடியுங்கள். எக்ஸ், வை இரண்டையும் தொடாதீர்கள்.

படி 6: வெட்டுதல்

இசட் பூச்சியத்தை 10 மி.மீ. உயர்த்தி, முழுக் கோப்பையும் ஒரு முறை காற்றில் ஓட்டுங்கள். பிறகு உண்மையான ஓட்டம். கண்ணாடி அணியுங்கள்; சுழலும் ஸ்பிண்டில் அருகே கையுறை கூடாது. பித்தளைக்குக் கூலன்ட் தேவையில்லை. புதிய டிரில் பித்தளையைக் கடித்து உள்ளே இழுக்கும். அதன் வெட்டு விளிம்பை எண்ணெய்க் கல்லில் இலேசாகத் தேய்த்துச் சரிவை நீக்கினால் அந்த இழுப்பு நிற்கும். 0.5 மி.மீ. இறங்கி, மேலே வந்து துகளை உதறி, மறுபடி இறங்கும்படி அமைத்து, -6.5 வரை துளையுங்கள்.

முடிந்ததும் தட்டையான கண்ணாடிமேல் நுண்ணிய எமரித் தாளைப் பரப்பி, தகட்டின் முகத்தை எட்டு வடிவில் தேயுங்கள். துளை ஓரங்களில் பிசிறு இருக்கக் கூடாது. ஆனால் ஓரத்தைச் சாய்த்துவிடவும் கூடாது, மூடலுக்கு இருக்கும் கையிருப்பு அதில் போய்விடும்.

பின்னர்ச் சேர்த்தவை

வாசகர்கள் சிலர், துளையிடும் கோப்பை அனுப்பியதும் "எரர் 20" வந்து நிற்பதாக எழுதியிருந்தார்கள். ஜி81, ஜி83 போன்ற துளையிடும் சுழற்சிக் கட்டளைகளை ஜிஆர்பிஎல் ஏற்பதில்லை. போஸ்ட் பிராசஸருக்கான இடத்தில் டிரான்ஸ்லேட் டிரில் என்ற தெரிவைச் சேர்த்தால், அவை சாதாரண ஜி0, ஜி1 நகர்வுகளாக மாறிவிடும். கருவி மாற்றும் எம்6 கட்டளைக்கும் இதே பிழை வரும். கருவிக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவருக்கு, ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஸ்பிண்டில் நின்றுவிட்டது. லேசர் தலையோடு விற்கப்படும் 3018 வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஜிஆர்பிஎல்லின் $32 என்ற அமைப்பு. அது 1 ஆக இருந்தால் ஜிஆர்பிஎல் லேசர் முறையில் இயங்கி, வேக நகர்வின்போதெல்லாம் ஸ்பிண்டிலை அணைத்துவிடும். $32=0 என்று மாற்றியதும் அவருடைய சிக்கல் தீர்ந்தது.