காய்பிங் போனால் கிராமத்திலேயே தங்குங்கள்

தெற்குச் சீனாவில் குவாங்தோங் மாகாணத்துக் காய்பிங் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்கா, கனடா போனவர்கள் அனுப்பிய பணத்தில், கொள்ளையருக்கும் வெள்ளத்துக்கும் தப்பிக்கக் கட்டிய கோபுர வீடுகள் அங்கே சுமார் 1,800 இருக்கின்றன. இரும்புச் சன்னல் கதவு, மேல்மாடி மூலையில் துப்பாக்கி நீட்டும் துளை எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் பல வீடுகளில் ஆளில்லை. 2007-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தும் நிலைமை அதுதான்.

பேருந்தில் வந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் ஊர்க்காரர் கைக்குப் பெரிதாக எதுவும் போகாது. ஒரு இரவாவது தங்குங்கள். அறை எடுக்கும் முன் வீடு யாருடையது, சமைப்பது உள்ளூர்க்காரரா என்று கேளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும். அதைச் செய்து தருவார்களா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள், இது முக்கியம்.

காய்பிங்கில் உள்ள சாங்தோங் கிராமத்தை விட்டுவிடாதீர்கள். பழைய வீடுகளையும் குலமுன்னோர் மண்டபத்தையும் மரபுமுறையில் பழுதுபார்த்த அந்தப் பணிக்கு 2015-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஆளில்லாத ஊரை எப்படி மீட்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து நல்ல உதாரணம்.

அப்புறம், விலாங்கு போட்ட மண்சட்டிச் சோறு அந்தப் பக்கத்துச் சிறப்பு. கிராமத்து வீட்டுச் சமையலில் கிடைத்தால் அங்கேயே சாப்பிடுங்கள். அலிபே என்ற சீனக் கைபேசிப் பணச் செயலியில் உங்கள் வங்கி அட்டையை முன்பே இணைத்துக்கொண்டால் பணம் கொடுக்க வசதியாக இருக்கும். அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டாம், தேசிய விடுமுறைக் கூட்டம் தாங்காது.