சன்ரூம் கண்ணாடிக் கூரையில் பனி: எதை இழுப்பது, எதை விடுவது

கனடாவின் ஒன்ராறியோ வீடுகளில் பின்பக்கம் ஒட்டிக் கட்டிய சன்ரூமுக்கு, கூரையில் எத்தனை அங்குலம் பனி என்பதைவிட அது எந்தப் பனி என்பதுதான் கேள்வி. ஓரடி உயரத்துக்கு உலர்ந்த புதுப்பனி கிடந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. மழை குடித்து அமுங்கிய பனி அதே உயரத்துக்கு 90 கிலோவைத் தாண்டிவிடும். ஓரங்குல ஐஸ் மட்டுமே 23 கிலோ. ஆகவே பனிக்குப் பின்னால் மழை வருகிறது என்றால், மழைக்கு முன்பே இழுத்துவிடுங்கள்.

நுரைத் தலை வைத்த ரூஃப் ரேக் (கூரைப் பனியைக் கீழே இழுக்கும் நீண்ட கம்பு) வாங்குங்கள். உலோகத் தலை கண்ணாடிக்கு ஆகாது. ஏணி வேண்டாம். தரையில், பனி விழும் இடத்துக்குச் சற்று விலகி நில்லுங்கள். அலுமினியக் கம்பு மின்கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் விளிம்பில் தொடங்கி, ஒரு தடவைக்கு ஓரடியாகச் சரிவின் போக்கிலேயே இழுத்தபடி மேலே போங்கள். குறுக்கே இழுத்தால் கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள மூடிப்பட்டையில் ரேக் மாட்டும். பட்டையோரத்தில் நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் பெயர்ந்தால் வசந்தத்தில் ஒழுகும். கடைசி ஓரங்குலத்தைத் தொடாதீர்கள். அதை அறைச் சூடும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். பளபளவென்று சுரண்டும் ஆசையில்தான் கீறல் விழுகிறது, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் கூரையில் இன்னும் சுலபமாக.

கண்ணாடியில் ஒட்டிய ஐஸைத் தட்டவே கூடாது. டெம்பர்ட் கண்ணாடி (சூடேற்றி உறுதியாக்கியது) நடுவில் எவ்வளவு தாங்கினாலும், ஓரத்தில் கூர்மையாக ஓர் அடி பட்டால் முழுப் பலகையும் பொடியாகும். வெந்நீரும் வேண்டாம்: சாதாரணக் கண்ணாடி விரிசல் விடும், வழிந்த நீர் கூரை விளிம்பிலுள்ள பீலியில் (நீர் வடியும் வாய்க்கால்) போய் மறுபடி உறையும். பீலியோரம் ஐஸ் அணை கட்டுவதும் இதே வழியில்தான். அறைச் சூட்டில் உருகிய நீர் குளிர்ந்த விளிம்பில் உறைய, பின்னால் தேங்குவது ரப்பருக்கு அடியில் புகுந்து உள்ளே சொட்டும். பழைய காலுறையில் ஐஸை உருக்கும் கால்சியம் குளோரைடு உப்பை நிரப்பி, ஒரு முனை பீலிக்கு வெளியே தொங்க, அணைக்குக் குறுக்கே கிடத்துங்கள். நீர் ஓட ஒரு வாய்க்கால் திறக்கும். கல்லுப்பு கடுங்குளிரில் வேலை செய்யாது. இரண்டுமே அலுமினியத்தை அரிக்கும் என்பதால் குளிர் விட்டதும் கழுவிவிடுங்கள்.

வீட்டின் மேல்கூரையிலிருந்து மொத்தமாகச் சரிந்து விழும் பனிக்கு ரேக் உதவாது. குளிர்காலத்துக்கு முன்பே அங்கே பனித்தடுப்புகள் பொருத்த வேண்டும்.

சன்ரூம் கதவு திடீரென்று இறுகினாலோ, சட்டம் வளைந்து தெரிந்தாலோ, ரேக்கை எடுக்காதீர்கள். எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்தி, கூரை வேலைக்காரரை அழையுங்கள்.